விரல் படாத முகம்

“கேஸை அணைச்சிட்டுத்தானே வந்தீங்க?”

கேட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார் போட்டோக்கா. எதிரே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நிற்கும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் வந்து, “அணைச்சேனே, நீங்கதானே பின்னாடியே வந்து திருகிப் பார்த்தீங்க” என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

“சிரிங்கன்னு சொன்னா பல்லைக் காட்டுவாங்க சார். இப்படிக் கேட்டாத்தான் மூஞ்சியைக் காட்டுவாங்க” என்று எனக்கு விளக்கம் வேறு. என்னிடமும் காலையில் அதையேதான் கேட்டிருந்தார். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அந்தப் படத்தில் நான் கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல் விழித்துக்கொண்டு நிற்கிறேன். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

கடல் குகைக்கு இறங்கும் படிக்கட்டின் தலைப்பில் அவர் கடை. கடை என்றால் ஒரு மடக்கு மேசை, காற்றில் படபடக்கும் பெரிய குடை, மேசைக்கு அடியில் பிளாஸ்டிக் போர்த்திய பிரிண்டர், பக்கத்தில் ஆள் உயரப் பலகை. அவ்வளவுதான். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, இடுப்பில் ஒரு பை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. வாய் மட்டும் ஓயாது. வருகிறவர் எந்த வயதானாலும் மாப்பிள்ளை, எந்த வயதானாலும் புதுப்பெண். முகம் கறுத்துத் தெரிந்தால் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிவிடுவார். “பொய் இல்லை சார். நல்ல வெயில்ல நின்னிருந்தா இப்படித்தானே இருந்திருப்பாங்க?” என்பது அவர் கட்சி.

குகைக்குள் போகிறவர்களை இறங்கும்போதே மடக்கி எடுத்துவிடுவார். அவர்கள் உள்ளே சுற்றிவிட்டு இன்னொரு படி வழியாக மேலே வருவதற்குள் படம் பலகையில் தொங்கும். அந்தப் படி முடிவதே பலகைக்கு முன்னால்தான். வாங்குகிறவர், வாங்காதவர், விலையைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவர் என்று யாராக இருந்தாலும் முதலில் ஒரு காரியம் செய்வார்கள். தன் முகத்தைத் தேடி அதன்மேல் விரலை வைப்பார்கள். நான் பார்த்த மட்டும் இதற்கு விதிவிலக்கே இல்லை. விரல் பட்டுப் படம் பாழாவதால் போட்டோக்கா ஒவ்வொரு படத்தையும் கண்ணாடிபோலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் மாட்டுவார். யாராவது வாங்கினால் புதிதாக ஒன்று அச்செடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் பலகையில் இருக்கும் படங்களை உருவிப்போட்டுவிட்டு, உறைகளை மறுநாளைக்காகத் துடைத்து வைப்பார்.

“ஊரான் விரலைத் துடைக்கிறதே என் பொழப்பாப் போச்சு” என்று அலுத்துக்கொள்வார். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

குகையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றி எழுதத்தான் பத்திரிகை என்னை அனுப்பியது. படி இறங்கினால் இரும்புக் கதவு. உள்ளே பாறையை ஒட்டி ஒரு சிமெண்டு நடைபாதை. அதன் ஓரத்தில் கம்பி. கம்பிக்குக் கீழே கடல் உறுமிக்கொண்டு வந்து வந்து போகிறது. ஒரு வளைவைத் திரும்பினால் அகலமான கூடம். மேலே பாறையில் இருக்கும் ஓட்டை வழியாக வெயில் இறங்கித் தண்ணீரைப் பச்சையாக்குகிறது. அழகுதான், மறுக்கவில்லை. கூடத்தின் கடைசியில் ஒரு கல் பெஞ்சு. அதை அடுத்து ஓர் இடுக்கு வழி. பக்கவாட்டில் திரும்பினால்தான் ஆள் நுழையலாம். தரையும் அங்கே தாழ்ந்து கிடப்பதால் எப்போதும் கால் நனையும். என் தொந்தி அந்த இடுக்கில் சற்று நேரம் தங்கிவிட்டுத்தான் என்னோடு வந்தது. பெரிய பைகள் நுழையாது, இது ஒரு வழிப் பாதை, திரும்பி வர முடியாது என்று பெஞ்சுக்கு மேலே பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் பாதியை உப்புக் காற்று தின்றுவிட்டது. இடுக்கைத் தாண்டினால் மேலே ஏறும் படி.

கடல் ஏறும்போது முதலில் அந்த இடுக்கு நிரம்பும். பிறகு கூடம், பிறகு நடைபாதை. அதற்குள் குகையை மூடியாக வேண்டும். மூடுவது விசில்காரர் வேலை. காக்கி உடுப்பும் தொங்கு மீசையுமாக இருக்கும் அந்தக் காவலாளிக்கு, விசிலை வாயிலிருந்து எடுக்க மனமே வராது. கீழ்க் கதவில் நுழைந்து, ஊதிக்கொண்டே கூடம், இடுக்கு எல்லாம் நடந்து, மேல்படி வழியாக வந்து பூட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்கும் போட்டோக்காவுக்கும் நாள் முழுக்கச் சண்டை. அவர் ஊதினால் படத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிடுகிறார்களாம். “தாயே, உன் படத்துக்காகக் கடலை நிறுத்தி வெக்கவா?” என்பார் அவர்.

“உள்ளே எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்?” என்று போட்டோக்காவிடம் கேட்டேன்.

“நான் உள்ள போனதே இல்லையே.”

நான் நம்பவில்லை. வருஷக்கணக்காகக் குகை வாசலில் உட்கார்ந்து குகையை விற்கிறவர். விசில்காரர் விசிலை எடுத்துவிட்டு, “நிஜம் சார். பக்கெட்டுல தண்ணி ஆடினாக்கூட இந்தம்மாவுக்குத் தலை சுத்தும்” என்றார்.

போன மழைக்காலத்துக் கதையையும் அவர்தான் சொன்னார். ஒரு பையன் மேலே வரவில்லை என்று போட்டோக்கா ஊரைக் கூட்டியிருக்கிறார். மீட்புப் படகு வந்து, டிக்கெட் விற்பனை நின்று, அந்தப் பையனின் தாய் மயங்கி விழுந்து, கடைசியில் பார்த்தால் பையன் பஸ்ஸின் பின் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தானாம். குகையின் மேனேஜர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேசையை மடித்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான். விசில்காரர் இதைச் சொல்லும்போது போட்டோக்கா காதில் விழாததுபோல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு வேன்களில் ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்கியது. ஓர் அக்கா, அவருடைய தடித்த கணவர், தம்பிகள், தம்பி மனைவிமார், சம்பந்தி வீட்டார், ஏகப்பட்ட பிள்ளைகள். ஓரத்தில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள், அக்காவின் தங்கை. தோளில் பை, கையில் பை, கழுத்தில் தண்ணீர்க் குடுவை. “சின்னம்மா, என் தொப்பி எங்க?” “சின்னம்மா, பிஸ்கட்டு.” “சின்னம்மா, கண்ணாடியை எந்தப் பையில வெச்ச?” எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதிலும் இருந்தது, பொருளும் இருந்தது.

“பையைக் கீழ வெச்சிட்டு நில்லுங்கம்மா, படம் நல்லா வரும்” என்றார் போட்டோக்கா.

“இருக்கட்டும்மா. மண்ணாயிடும்.”

போட்டோக்கா வழக்கப்படி கேஸ் கேள்வியைப் போட்டார். கூட்டம் மொத்தமும் ஓரத்தில் நின்ற அந்த அம்மாள் பக்கம் திரும்பியது. “அணைச்சிட்டேன்” என்றார் அவர், ஒரு பிள்ளையின் செருப்பு வாரை மாட்டியபடியே. படத்தில் எல்லோருடைய பின்மண்டையும்தான் விழுந்தது. இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு அவர்கள் மேலே வந்தபோது நானும் அங்கேதான் நின்றேன். பிள்ளைகள் முண்டியடித்து ஓடிவந்து பலகையில் மோதினார்கள். ஐஸ்கிரீம் ஒழுகும் விரலோடு ஆளாளுக்குத் தன் முகத்தைத் தொட்டார்கள். பெரியவர்களும் தொட்டார்கள். தடித்தவர் ஒரு படம் வாங்கினார், போனுக்கும் அனுப்பச் சொல்லித் தன் எண்ணைக் கொடுத்தார். வேன்கள் கிளம்பிப் போயின. இதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

வெயில் இறங்கியதும் காற்று திசை மாறியது. கீழே பாறையில் அலை மோதும் சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் போய்விட்டார். விசில்காரர் கீழ்க் கதவைப் பூட்டிவிட்டு மேலே வந்து, மேல்படிக் கதவையும் பூட்டினார். மேனேஜர் டிக்கெட் அறையைச் சாத்திக்கொண்டிருந்தார். போட்டோக்கா உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தை இன்னும் உருவாத ஓர் உறையை எடுத்து, துணியை வைத்து, துடைக்காமல் நிறுத்தினார்.

“சார், இங்க வாங்க.”

அந்தக் குடும்பப் படம். உறையை மிச்சமிருந்த வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். முகங்களின் மேலெல்லாம் விரல் பதிந்து பிசுபிசுவென்று கிடந்தது.

“எல்லா மூஞ்சியிலும் இருக்கு பாருங்க. கைக்குழந்தைக்குக்கூட யாரோ வெச்சிருக்காங்க. இந்த அம்மா மேல இல்லை.”

பழுப்பு ஸ்வெட்டர் அம்மாளின் முகம் மட்டும் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் படம் தெளிவாகத் தெரிந்தது.

“விசிலண்ணே, இந்த அம்மா மேல வந்தாங்களா?”

“வந்திருப்பாங்க.”

“வந்திருப்பாங்களா, வந்தாங்களா?”

“தாயே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்று விசில்காரர் மேனேஜர் பக்கம் பார்த்தார்.

மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, அன்றைக்குப் பொழுது எப்போது முடியும் என்று இருந்தவர். உறையை வாங்கிப் பார்த்தார். “விரல் வைக்கலைன்னா அவங்களுக்குக் கூச்சம்னு அர்த்தம். கடலுக்குள்ள இருக்காங்கன்னு அர்த்தமா?”

“இருக்கலாம் சார். கூச்சமாவே இருக்கட்டும்” என்றார் போட்டோக்கா. குரல் இறங்கியிருந்தது. “படம் வாங்கினவர் நம்பர் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். வேன் ஓடும் இரைச்சல், பாட்டு, பிள்ளைகளின் கூச்சல். தடித்தவர்தான் பேசினார்.

“யாரு, பழுப்பு ஸ்வெட்டரா? எங்க மச்சினிச்சி. பின்னாடி வண்டியில வர்றா. ஏன், எதாவது விட்டுட்டு வந்துட்டாளா?”

“பின்னாடி வண்டிக்குப் பேசிப் பார்த்தீங்களா சார்?”

“எதுக்குப் பேசணும்? பை எல்லாம் அவகிட்டதான் இருக்கு. வேற எங்க போவா?” பாட்டுச் சத்தம் உயர்ந்தது, போன் அணைந்தது. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழைத்தார். அப்போதும் எடுக்கவில்லை.

“போதுமா? வீட்டு ஆளே சொல்லிட்டார்” என்றார் மேனேஜர். நியாயமான பேச்சு. எனக்கும் மூச்சு இலகுவாயிற்று. விசில்காரர் சாவிக் கொத்தை இடுப்பில் மாட்டினார். போட்டோக்கா உறையை எடுத்தார், துடைக்கவும் ஆரம்பித்தார். பிறகு அவர் பார்வை விசில்காரரின் கால்களுக்குப் போயிற்று.

“அண்ணே, இடுக்கு வரைக்கும் போயிட்டுத்தானே வந்தீங்க?”

“போகாம?”

“கால் நனையலையே.”

முழங்காலுக்குக் கீழே அந்தக் காக்கிக் கால்சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஷூவில் காலையில் போட்ட பாலிஷ் அப்படியே இருந்தது. மேனேஜரும் குனிந்து பார்த்தார். விசில்காரர் விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு முன்னாடியே ஏறிடுச்சு சார். இடுக்குல இடுப்பளவு வந்துடுச்சு. எப்படிப் போறது? கதவுல நின்னு ஊதினேன். ‘எல்லாரும் வெளிய வாங்க’ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் பதில் சொல்லலை.”

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த இருட்டு வாயில் நான் நின்றிருந்தால் கத்தியிருக்கக்கூட மாட்டேன்.

போட்டோக்கா செருப்பைக் கழற்றினார். கேமராவைத் தன் கழுத்திலிருந்து எடுத்து என் கழுத்தில் மாட்டினார். பிறகு நானும் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் அதைத் திரும்பக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தார்.

“இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லைன்னா மேசை இங்க இருக்காது, சொல்லிட்டேன்” என்றார் மேனேஜர்.

“ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம் சார். நானே மடிச்சு எடுத்துட்டுப் போறேன்.”

மேனேஜர் மீட்புப் படகுக்குப் போன் செய்யப் போனார். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. அவரையும் அந்த நிமிஷத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று. படகு வர நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

படி இறங்கிக் கீழ்க் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்தது காலையில் நான் கேட்ட சத்தம் இல்லை. நடைபாதையைக் காணோம். கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே நீண்டு போயிற்று. விசில்காரர் கதவில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டார்ச்சோடு முன்னால் நடந்தார். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோக்கா. கடைசியில் கயிற்றைப் பற்றிக்கொண்டு நான். தைரியத்தில் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வெளியே தனியாக நின்று காத்திருக்க முடியாமல் போனேன் என்பதுதான் உண்மை.

வளைவு வரைக்கும் முழங்கால் அளவுத் தண்ணீர். அலை வரும்போது தொடைக்கு ஏறியது, போகும்போது காலை இழுத்தது. போட்டோக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார். அவர் வாய் மூடியிருந்ததை அன்றைக்கு அங்கேதான் முதலில் பார்த்தேன்.

வளைவில் நின்று விசில்காரர் ஊதினார். பாறையில் பட்டு அது எங்கள் காதிலேயே வந்து குத்தியது. “யாராவது இருக்கீங்களா? அம்மா, இருக்கீங்களா?” என்று கத்தினார். டார்ச் வெளிச்சம் கூடத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. தண்ணீர்தான் பதில் சொன்னது. ஒரு பெரிய அலை வந்து மூன்று பேரையும் பாறையோடு அழுத்திவிட்டுப் போயிற்று.

“யாரும் இல்லை தாயே. போயிடலாம். அடுத்தது இதைவிடப் பெருசா வரும்.”

யாரும் இல்லை என்று நானும் நம்பிவிட்டேன். நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது. போட்டோக்கா கண்ணைத் திறந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமான பிள்ளை அடுப்படியைப் பார்த்துக் கேட்குமே, அந்தக் குரலில் கேட்டார்:

“சின்னம்மா, பை எங்க?”

“இங்கதான் இருக்கு.” பதில் உடனே வந்தது, கூடத்தின் கடைசியிலிருந்து. “எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணும் நனையலை.”

விசில்காரர் பாறையில் கையை ஊன்றிக்கொண்டார். “கடவுளே” என்று மட்டும் சொன்னார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் வந்த பக்கம் போனோம். கல் பெஞ்சின் மேல் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார் அந்த அம்மாள். பெஞ்சையும் மூழ்கடித்துத் தண்ணீர் அவர் கணுக்காலில் சுழன்றது. இரண்டு தோளிலும் பை, இரண்டு முழங்கையிலும் பை, எல்லாவற்றிலும் பெரிய பை தலைமேல். பிள்ளைகள் இடுக்கில் நனையாமல் இருக்கக் கழற்றிக் கொடுத்த காலணிகளை வாரோடு வார் முடிந்து கழுத்தில் போட்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஆனால் அழவில்லை.

“ஏம்மா, அத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு குரல் குடுத்திருக்கலாமில்ல?” என்றார் விசில்காரர். அவருக்குத்தான் அழுகை வந்தது.

“எல்லாரும் வெளிய வாங்கன்னீங்க. கேட்டுச்சு. நான் இங்கேயே இருக்கணும்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காளே. பை நுழையாதாம், பார்த்துட்டு இதோ வந்துடறோம்னாங்க. வரப்ப நான் இல்லைன்னா தேட மாட்டாங்களா?”

“பையை விடுங்க. கையைக் குடுங்க.”

“அது எப்படிங்க?”

விசில்காரர் கத்த வாயெடுத்தார். போட்டோக்கா அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது. “பையோடயே வாங்க சின்னம்மா. ஒண்ணையும் கீழ வெக்க வேண்டாம். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. அலை போனதும் இறங்குங்க.”

அலை போனது. அந்த அம்மாள் இறங்கினார். கம்பியைப் பிடித்து வளைவுக்குப் பாதி தூரம் வந்திருப்போம், விசில்காரர் சொன்ன பெரியது வந்தது. டார்ச் அணைந்தது. போட்டோக்கா என் முன்னால் இருந்தார்; அடுத்த கணம் இல்லை. மேல் ஓட்டையில் மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில், கம்பிக்கு அடியில் அவர் சட்டை வெள்ளையாக உப்பிக்கொண்டு போவது தெரிந்தது. என் கை கயிற்றை விட மறுத்தது. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், அது மறுத்ததுதான்.

பிடித்தது அந்த அம்மாள். தலையிலிருந்த பையை விட்டுவிட்டு, அந்தக் கையால் போட்டோக்காவின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றி, கம்பிக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். பெரிய பை ஒரு தடவை மிதந்து, புரண்டு, கடலோடு போயிற்று. “ஐயோ, அக்கா திட்டுவாளே” என்றார் அவர். போட்டோக்கா இருமிக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்படியே, ஒருவரை ஒருவர் விடாமல், விசில்காரர் கயிற்றை இழுக்க இழுக்கக் கதவுக்கு வந்து சேர்ந்தோம்.

மேலே மேனேஜர் போர்வையோடு நின்றிருந்தார். டீ குடிக்க வண்டியை நிறுத்திய இடத்தில்தான் இரண்டு வேன்காரர்களுக்கும் விஷயம் தெரிந்ததாம். முன் வண்டி பின் வண்டியில் இருப்பதாக நினைத்திருக்கிறது, பின் வண்டி முன் வண்டியில் இருப்பதாக. திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். அந்த அம்மாளை மேசையருகே நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வையைச் சுற்றினோம். பைகளை மட்டும் அவர் இறக்கவே இல்லை. போட்டோக்காவுக்குப் பற்கள் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை.

விளக்கு வெளிச்சத்தோடு வேன்கள் வந்தன. வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே அக்கா கதவைத் திறந்து குதித்து ஓடி வந்தார். தங்கையைக் கட்டிக்கொண்டு, “பாவி, என் உயிரே போயிடுச்சுடி” என்று விம்மினார். அந்த அழுகை பொய் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தடித்தவர் பின்னால் வந்தார். அவர் முகமும் பேயறைந்ததுபோல்தான் இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்டிருப்பார்.

“அந்தப் பெரிய பை எங்க?”

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். “போயிடுச்சு மாமா.”

போட்டோக்கா எழுந்து வந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் முன்னால் குந்தினார்.

“சின்னம்மா, இதுல உங்களோடது எது?”

அந்த அம்மாள் தன் தோளைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், முழங்கையில் தொங்கியதைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னோடது எதுவும் இல்லைம்மா.”

போட்டோக்கா இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பை வார்களில் விறைத்துப்போயிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் பையை எடுத்துத் தடித்தவரின் வலது தோளில் மாட்டினார். அடுத்ததை இடது தோளில். மற்றவற்றை இரண்டு முழங்கையிலும், தண்ணீர்க் குடுவையை மணிக்கட்டிலும். அவர் மறுக்கவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் காலணிகள் மிச்சமிருந்தன. அவற்றை அந்த அம்மாளின் கழுத்திலிருந்து கழற்றி, எக்கி நின்று, தடித்தவர் கழுத்தில் போட்டார்.